நான்காம் சுருள்

ஐந்தாம் எண் டப்பா காலியாக இருந்தது.

ஆபரேட்டர் அதன் மூடியைத் திருப்பிப் பார்த்தார். அதில் என்ன ஒட்டிக்கொண்டிருக்கப் போகிறது? மற்ற டப்பாக்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே இருந்த படச்சுருள்களை வெளியே எடுத்து மேசையில் அடுக்கினார். எட்டு இருக்க வேண்டும். ஏழுதான் இருந்தன. வெளியே ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. அவர் படியிறங்கிப் போய்த் தியேட்டர் முதலாளிக்குப் போன் செய்தார்.

"டாக்டர், 'படகுத்துறை'யில நாலாம் சுருளைக் காணோம்."

"டப்பாவோடயா?"

"டப்பா இருக்கு."

டாக்டர் கேட்டார். "பூத் சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்டதான்."

அந்தப் பதிலோடு வழக்கு முடிந்துவிட்டதாக டாக்டர் நினைத்துக்கொண்டார்.

டாக்டர் என்றால் பல் டாக்டர். ஊரார் வாய்க்குள் எட்டிப் பார்த்தது போதும் என்று ஒருநாள் கிளினிக்கை மூடிவிட்டு, மூடிக்கிடந்த மரச்சாமான் கடை ஒன்றின் மாடியைத் தியேட்டராக்கியவர். ஒரே திரை. மழை பெய்தால் மூன்றாவது வரிசையில் வாளி வைக்க வேண்டும். வாரநாளில் கதவு சாத்தியிருக்கும். சனியும் ஞாயிறும் மட்டும் ஒரே டிக்கெட்டில் இரண்டு வெளிநாட்டுப் படங்கள், நடுவே தேநீர் இடைவேளை. சனிக்கிழமை முதலில் ஓடிய படம் ஞாயிற்றுக்கிழமை இரண்டாவதாக ஓடும். ஒருநாள் பிந்தி வந்தவர் மறுநாள் விட்டதைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று அப்படி ஓர் ஏற்பாடு.

இந்த வாரத்துப் படங்களில் ஒன்று 'படகுத்துறை'. போரில் தோற்றுப்போன ஒரு துறைமுக நாட்டின் படம். அந்த நாடே இன்று வேறு பெயரில் இருக்கிறது. படத்துக்கு மிஞ்சியிருப்பதும் இந்த ஒரே பிரதிதான். மூன்று வருஷம் கெஞ்சிக் கேட்ட பிறகே அதை வைத்திருந்த காப்பகம் இரவல் தந்தது. காப்பகத்துக்காரர் ஒருவர் இன்று மாலைக் காட்சிக்கு வருகிறார். தானும் உட்கார்ந்து பார்த்துவிட்டு எட்டு டப்பாவையும் கையோடு எடுத்துப் போகப் போகிறார்.

சுருள் ஒன்று குறைந்தால் இனி எந்தக் காப்பகமும் இந்தத் தியேட்டருக்குப் படம் தராது. ஆபரேட்டருக்கு அதைவிடப் பெரிய இடி. மாலைக்குள் சுருள் வராவிட்டால் அவர் மேல் திருட்டுப் புகார் என்று டாக்டர் காகிதத்தில் எழுதியே வைத்துவிட்டார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

ஞாயிறு, முற்பகல்

இன்ஸ்பெக்டர் நனைந்த குடையோடு வந்து சேர்ந்தார். ஐம்பதைத் தாண்டிய பெண். கடுமையான ஜலதோஷம். ஒரு கையில் கைக்குட்டை, இன்னொரு கையில் இன்னொரு கைக்குட்டை.

உலக சினிமா பார்த்துப் பழக்கமுண்டா என்று டாக்டர் விசாரித்தார். பழக்கமில்லாதவரிடம் இந்த இழப்பை எப்படிப் புரியவைப்பது என்ற கவலை அவருக்கு.

"எல்லாப் படத்தையும் இந்த உலகத்துலதானே எடுக்கறாங்க டாக்டர்," என்றார் இன்ஸ்பெக்டர். "நான் எந்தப் படத்துக்குப் போனாலும் தூங்கிடுவேன். அதனால எனக்கு எல்லாம் ஒண்ணுதான்."

டாக்டர் தன் சந்தேகத்தை நேராகவே சொன்னார். அடுத்த மாதத்திலிருந்து சுருளும் டப்பாவும் வேண்டாம், படம் கம்ப்யூட்டரில் வந்துவிடும், ஆபரேட்டர் வேலைக்கு ஆள் தேவைப்படாது என்று போன வாரம்தான் அந்த மனிதரிடம் தெரிவித்திருந்தார். அதற்கு ஆபரேட்டர் சத்தம் போடவில்லை. ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "நான் போனா இந்தப் படமெல்லாமும் போயிடும் டாக்டர்." இதை மிரட்டல் என்று எடுத்துக்கொள்ளாமல் வேறெப்படி எடுத்துக்கொள்வது?

இன்ஸ்பெக்டர் தும்மினார். பூத்துக்குப் போகலாம் என்று கை காட்டினார்.

பூத் என்பது அரங்கின் பின்சுவருக்கு மேலே ஓர் ஏணிப்படி ஏறிப் போகும் சின்ன அறை. இரண்டு புரொஜெக்டர்கள். ஒன்றில் ஒரு சுருள் ஓடி முடியும்போது அடுத்ததை மற்றதில் ஓட்ட வேண்டும். சுருள் தீரப்போவதைச் சொல்ல ஒரு சின்ன மணி அடிக்கும். ஆபரேட்டர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்றார்.

"பூத்தை எப்பப் பூட்டுவீங்க?"

"ரெண்டாவது படம் முடிஞ்சதும் கீழ போய்த் திரையை மூடி, விளக்கெல்லாம் அணைச்சுட்டு, திரும்ப மேல வந்து பூட்டுவேன்."

"அதுவரைக்கும் திறந்தே கிடக்குமா?"

"இங்க திருட என்ன இருக்கு மேடம், அந்த வாளியைத் தவிர?"

ஆக சனிக்கிழமை சாயங்காலம் கொஞ்ச நேரம் யார் வேண்டுமானாலும் உள்ளே வந்திருக்கலாம். சாவியைப் பிடித்துக்கொண்டு தொங்குவதில் பயனில்லை. இன்ஸ்பெக்டர் டப்பாக்களைப் பார்த்தார். மூடிகளில் சாக்பீஸால் ஒன்று முதல் எட்டு வரை எண்கள்.

காணாமல் போனது நாலாம் சுருள், காலியாக இருந்தது அஞ்சாம் டப்பா, இது எப்படி என்று கேட்டார். ஆபரேட்டர் விளக்கினார். ஒரு சுருள் ஓடி முடிந்து இறங்கும்போது அடுத்த சுருளின் டப்பாதான் கைக்கெட்டும் இடத்தில் காலியாகக் கிடக்கும். அவசரத்தில் அதிலேயே போட்டுவிடுவார். ஒன்றாம் சுருள் இரண்டாம் டப்பாவில், இரண்டாவது மூன்றில், இப்படியே ஒன்று தள்ளித் தள்ளிப் போகும். மறுநாள் காலையில் எல்லாவற்றையும் பின்னோக்கிச் சுற்றிவிட்டு அதனதன் டப்பாவில் வைப்பார். வருஷக்கணக்காக இதுதான் வழக்கம்.

"நாலாம் சுருள் அஞ்சாம் டப்பாவுல இருக்கும்னு யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்குத் தெரியும்," என்றார் ஆபரேட்டர்.

டாக்டர் தலையை மெல்ல ஆட்டினார், இதற்கு மேல் என்ன வேண்டும் என்பதுபோல.

"எனக்கும் தெரியும் மேடம்." ஏணிப்படியிலிருந்து ஒரு குரல் வந்தது. "வாராவாரம் நான்தானே அண்ணன்கூட நின்னு டப்பா அடுக்கறேன்? தனக்கு மட்டும்தான் தெரியும்னு அவர் ஏன் மாட்டிக்கறார்னு தெரியல."

வந்தவள் வரிக்காரி. அந்தத் தியேட்டரில் அவளுக்கு அதுதான் பெயர். 'படகுத்துறை' போன்ற பழைய பிரதிகளில் மொழிபெயர்ப்பு வரிகள் இருக்காது. அவள் வசனங்களை முன்கூட்டியே மொழிபெயர்த்து வைத்துக்கொண்டு, கடைசி வரிசையில் ஒரு குட்டி விளக்கோடு உட்கார்ந்து, நடிகர் பேசப் பேச விசையை அழுத்துவாள். திரைக்குக் கீழே ஒரு பட்டையில் வரி வந்து விழும். இந்த ஊரில் அந்த மொழி தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்று டாக்டர் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். இப்போது அதே டாக்டர், அவள் ஆராய்ச்சிக்காக இந்தப் படத்தின் பிரதி கேட்டுக் காப்பகம் மறுத்துவிட்ட கதையை இன்ஸ்பெக்டர் காதில் போட்டார். அவளுக்கும் அது கேட்டது.

இன்ஸ்பெக்டர் ஆபரேட்டர் பக்கம் திரும்பினார். "மத்த டப்பாக்கள்ல ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சுதா?"

அவர் யோசித்தார். ஒவ்வொரு சுருளும் கழன்றுவிடாமல் வெளி நுனியை ஒட்டுத்தாளால் ஒட்டி வைப்பது அவர் பழக்கம். நாலாம் டப்பாவில் இருந்த சுருளுக்கு மட்டும் ஒட்டு பிய்ந்திருந்தது, நுனியை உள்ளே செருகியிருந்தது. மழை ஈரத்தில் விட்டிருக்கும் என்று நினைத்தாராம்.

"ஈரம் ஒட்டைப் பிரிக்கும். நுனியைச் செருகவும் செய்யுமா?" இன்ஸ்பெக்டர் அந்த நுனியைத் தூக்கி விளக்கருகே பிடித்தார். மையில் கிறுக்கியதுபோல அறிமுகமில்லாத எழுத்துகள். "இது என்னம்மா?"

வரிக்காரி குனிந்து படித்தாள். "'மூன்றாம் சுருள், முடிவு'ன்னு எழுதியிருக்கு. எல்லாச் சுருள்லயும் இப்படி எழுத்தாலதான் எழுதியிருக்கும். எண் போட மாட்டாங்க."

நண்பகல்

நேற்று படம் ஓடியபோது எல்லாம் ஒழுங்காக நடந்ததா என்று இன்ஸ்பெக்டர் வரிக்காரியிடம் கேட்டார். அவள் முகம் சுருங்கியது. நேற்று தனக்கு நல்ல நாளே இல்லை என்றாள்.

படத்தில் அவளுக்கு மிகவும் பிடித்த இடம் நாலாம் சுருளில் வருகிறது. கதையின் நடுவே வசனமே இல்லாமல் சில நிமிடங்கள் போகும். அதில் ஒரு துண்டு மட்டும் நடிப்பில்லை. போர் முடிவில் மக்கள் படகேறித் தப்பிய நாளன்று, படகில் போன யாரோ ஒருவர் கரையில் நின்றவர்களைப் படம் பிடித்திருக்கிறார். இயக்குநர் அதை எடுத்துத் தன் படத்தில் அப்படியே ஒட்டிவிட்டார். அந்த அமைதியான நேரத்தில் பார்த்துத்தான் பின்கதவுப் பக்கம் கேன்டீன் அக்கா கண்ணாடித் தம்ளர் தட்டைக் கீழே போட்டுவிட்டார். அரங்கமே திரும்பிப் பார்த்தது.

"அதுக்குக் கொஞ்சம் முன்னாடி நானே சொதப்பிட்டேன்," என்றாள். "மூணாம் சுருள் முடியப்போற இடத்துல ஒரு ஜோக். படகுக்காரன் சொல்றது. நான் வரியைப் போடறதுக்கு முன்னாலயே பின்னாடி யாரோ சிரிச்சுட்டாங்க. நான்தான் லேட்டுன்னு ஒரே அவமானமாப் போச்சு. அப்புறம், நடிகன் மூஞ்சியைப் பாத்துச் சிரிச்சிருப்பாங்கன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்."

இன்ஸ்பெக்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போனார்.

அரங்கின் பின்கதவை ஒட்டிய ஓர் அறை அது. அடுப்பு, தொட்டி, பலகை மேசை. அக்காவுக்கு அறுபது வயதிருக்கும். தியேட்டர் திறந்த நாளிலிருந்து இருப்பவர். டாக்டர் உட்பட எல்லாருக்கும் அக்காதான். கேட்காமலே ஒரு காகிதக் கோப்பையில் சூடான டீயை நீட்டினார். தம்ளரெல்லாம் நேற்றே போய்ச் சேர்ந்துவிட்டன, அதனால் காகிதம், கோபித்துக்கொள்ளக் கூடாது என்றார்.

"எப்ப விழுந்தது அக்கா?"

"மூணாம் மணி அடிச்சுக் கொஞ்ச நேரத்துல. இடைவேளைக்கு வேணும்னு தம்ளரைக் கொண்டுபோய் வெளி மேசையில அடுக்குவேன். கை வழுக்கிருச்சு. வயசாகுதில்ல?"

மணி என்று அவர் சொன்னது பூத்து மணியை. படம் பார்ப்பவர்களுக்கு அது கேட்காது. இந்தச் சுவருக்குக் கேட்கும். கடைசிக்கு முந்தின மணி அடித்தால் அடுப்பில் தண்ணீர் வைப்பாராம், கடைசி மணிக்கு டீத்தூள் போடுவாராம். ஒருநாளும் டீ ஆறியதில்லை, ஒருநாளும் பிந்தியதில்லை.

நீங்களும் படம் பார்ப்பீர்களா என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்குச் சிரித்தார். "எனக்கென்னம்மா தெரியும். அந்தப் பாஷையும் தெரியாது. கீழ ஓடுற வரியை எழுத்துக் கூட்டறதுக்குள்ள அடுத்தது வந்துரும். சின்னப் பிள்ளை பொம்மை பாக்கற மாதிரி கதவுல நின்னு பாத்துட்டு வந்துருவேன்."

"உடைஞ்ச கண்ணாடியை எங்க போட்டீங்க?"

"பாத்திரத்துல அள்ளி வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். இங்க குப்பையில போட்டா அள்ளுறவங்க கையைக் கிழிச்சுரும்."

தொட்டிக்கு அடியில் ஓர் அகலமான அலுமினியப் பாத்திரம் இருந்தது. மேலே வெள்ளைத்துணி கட்டியிருந்தது. இன்ஸ்பெக்டர் டீயைக் குடித்து முடித்தார். நல்ல டீ என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

முதல் காட்சிக்கு முன்

மூன்றாம் சுருளைப் போட்டுக் காட்டச் சொன்னார். முதல் படத்துக்குக் கூட்டம் வரும் நேரம், இப்போது போய் வேடிக்கை பார்ப்பதா என்று டாக்டர் முனகினார். ஆபரேட்டர் ஒன்றும் கேட்காமல் போட்டார். வரிக்காரி தன் விளக்கடியில் உட்கார்ந்தாள். இன்ஸ்பெக்டர் அவளுக்குப் பக்கத்து இருக்கையில். அதிசயமாக, தூக்கம் வரவில்லை.

சுருளின் கடைசியில் திரை முழுக்க வெள்ளையாக மூடுபனி. அதில் ஒரு கயிறு மட்டும் மெல்ல ஆடியது. துடுப்புச் சத்தம். யாரோ பேசினார்கள். தூரத்தில் ஒரு பெண் கத்தினாள். இன்னொரு ஆண்குரல் ஏதோ சொன்னது. அரை மூச்சு கழித்துக் கீழே வரி வந்தது:

*அது என் மாமியார் குரல். அப்படின்னா கரை அந்தப் பக்கம். நாம இந்தப் பக்கம் போவோம்.*

இன்ஸ்பெக்டர் சிரித்தார். சிரித்துவிட்டு, சிரிப்பு அடங்கிய பிறகும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா," என்றார். "நடிகன் மூஞ்சியைப் பாத்துச் சிரிச்சிருப்பாங்கன்னு சொன்னியே. எந்த மூஞ்சி?"

வரிக்காரி திரும்பித் திரையைப் பார்த்தாள். திரையில் கயிறு ஆடிக்கொண்டிருந்தது.

டாக்டரையும் ஆபரேட்டரையும் வரச் சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் நடந்தார். அலுவலகத்துக்கு இல்லை, கேன்டீனுக்கு. நான்கு பேரும் உள்ளே வந்ததும் அந்த அறையில் இடமே இல்லாமல் போயிற்று. அக்கா மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"முதல்ல ஒண்ணு," என்றார் இன்ஸ்பெக்டர். "திருடினவங்க நாலாம் டப்பாவைத்தான் முதல்ல திறந்திருக்காங்க. உள்ள இருந்ததோட நுனியைப் பிரிச்சுப் படிச்சிருக்காங்க. மூணாம் சுருள்னு தெரிஞ்சதும் திருப்பி வெச்சுட்டு அடுத்த டப்பாவுக்குப் போயிருக்காங்க. சுருள் ஒண்ணு தள்ளியிருக்கும்னு ஆபரேட்டருக்குத் தெரியும். இந்தப் பொண்ணுக்கும் தெரியும். அவங்க எடுத்திருந்தா நேரா அஞ்சாம் டப்பாவைத் திறந்திருப்பாங்க. நாலைத் தொட்டிருக்கவே மாட்டாங்க."

ஆபரேட்டர் சுவரில் சாய்ந்துகொண்டார். காலையிலிருந்து விறைப்பாகவே இருந்தவர் அப்போதுதான் சாய்ந்தார்.

"ரெண்டாவது, அந்தக் கிறுக்கல் எழுத்தைப் படிக்கத் தெரியணும். டாக்டருக்குத் தெரியாது. காப்பகத்துக்காரர் இன்னும் ஊருக்கே வரல. அப்ப இன்னொருத்தர் இருக்காங்க. மூடுபனியைத் தவிர ஒண்ணுமே தெரியாத இடத்துல, வரி வர்றதுக்கு முன்னாடி சிரிச்சவங்க. காதால கேட்டுச் சிரிச்சவங்க. சிரிப்பு கடைசி வரிசைக்கும் பின்னால இருந்து வந்திருக்கு. அங்க கதவு மட்டும்தான் இருக்கு."

அக்காவின் கைத்துணி மேசையில் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"மூணாவது, வேணுங்கற இடம் எத்தனையாவது சுருள்ல வருதுன்னு தெரிஞ்சிருக்கணும். மணியை எண்ணறவங்களுக்குத் தெரியும்." இன்ஸ்பெக்டர் தும்மலை அடக்கிக்கொண்டார். "நேத்துக் கண்ணாடியை வீட்டுக்குக் கொண்டு போனீங்க. சரி. கண்ணாடி இருக்கற பாத்திரத்துல யாரும் கைவிட்டுத் துழாவ மாட்டாங்க. ஆனா வீட்டுல கொட்டிட்டுக் காலியாத் திரும்பி வந்த பாத்திரத்தை எதுக்குத் துணி கட்டிக் கொண்டு வந்தீங்க? அதை வெளிய எடுங்க அக்கா."

அக்கா கைத்துணியைக் கீழே வைத்தார்.

குனிந்து பாத்திரத்தை இழுத்தார். துணிமுடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு படுக்கை விரிப்பு, அதற்குள் நாலாம் சுருள். ஆபரேட்டர் இரண்டு கையாலும் அதை வாங்கி விளக்குக்குக் கீழே கொண்டு போனார். ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

"நானே இவ்வளவு நேரா சுத்தினதில்ல," என்று முணுமுணுத்தார். பிறகு நிமிர்ந்தார். "காலையில இருந்து என்னைத் திருடன்னாங்க. நீங்க எனக்கு டீ போட்டுக் குடுத்தீங்க."

அக்கா அவிழ்த்த துணியை மடித்தார்.

மெல்ல மெல்லத்தான் விஷயம் வெளியே வந்தது. காலையில் ஆபரேட்டருக்குப் பூத்தில் டீ கொடுக்கும்போது சுருளைத் திருப்பி வைத்துவிடலாம் என்று அக்கா கொண்டு வந்திருக்கிறார். காப்பகத்துக்காரர் வருகிறாரே என்று ஆபரேட்டர் வழக்கத்தைவிட முன்னதாக வந்து டப்பாவைத் திறந்துவிட்டார். அக்கா வாசலில் நுழையும்போதே டாக்டர் போலீஸுக்குப் போன் செய்துகொண்டிருந்தார். அதன் பிறகு வாய் வரவில்லை.

அந்த மொழி அவருடைய தாய்மொழி. இங்கே வந்த வருஷம் அந்த மக்களைத் தேடித் தேடிப் பிடித்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அக்காவைக் கட்டிக்கொண்டவர் இந்த ஊர்க்காரர், நல்லவர். இறந்துபோன தன் தங்கையின் அடையாளக் காகிதங்களை இவருக்குக் கொடுத்து, வீட்டுக்குள்கூட அந்தப் பாஷையில் பேசக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அவர் போன பிறகும் சத்தியம் போகவில்லை. பேசாத பாஷை எங்கேயோ போய்விட்டது என்றுதான் அக்காவும் நினைத்திருந்தார். நேற்று மூடுபனிக்குள் ஒரு படகுக்காரன் மாமியாரைப் பற்றிச் சொன்னான். அது அவர்கள் துறைமுகத்துப் பேச்சு. சிரிப்பு தானாக வந்துவிட்டது.

"அப்புறம் மணி அடிச்சுது. அப்புறம் கரை வந்துச்சு. கூட்டத்துல என் தங்கச்சி நிக்கறா."

வரிக்காரி மெதுவாகக் கேட்டாள். "படகுல இருந்து எடுத்தாங்களே, அதுலயா?"

"அந்தப் படகுக் கூட்டத்துல நானும் இருந்தேன் கண்ணு. இடம் ஒருத்திக்குத்தான்னாங்க. அம்மா என்னைத் தள்ளி ஏத்திவிட்டுட்டாங்க. தங்கச்சி மெல்லிசுச் சட்டையோட நிக்கறா, குளிர்னா அப்படிக் குளிர். படகு நகர்ந்ததும் என் கோட்டைக் கழட்டி அவ பக்கம் வீசினேன். அதுக்குள்ள படகைத் திருப்பிட்டாங்க. கோட்டு அவ கைக்குப் போச்சா, தண்ணியில விழுந்துச்சா, இன்னிக்கு வரைக்கும் தெரியல. அவளைப் பத்தியும் அப்புறம் ஒரு சேதியும் இல்ல."

நேற்று முகத்தைப் பார்த்த அடுத்த கணம் தட்டு விழுந்துவிட்டது. குனிந்து நிமிர்வதற்குள் கரை போய்விட்டது. இன்று மாலை இன்னொரு தடவை கண்மூடித் திறப்பதற்குள் வந்து போகும், பிறகு படம் திரும்பிப் போய்விடும். மறுபடி காட்டு என்று எதைச் சொல்லிக் கேட்பது? வீட்டில் விரிப்பின் மேல் சுருளைப் பிரித்து, விடிந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டே போனார். கண்டுபிடித்தார். நகத்தளவு கட்டத்துக்குள் கடுகளவு உருவம். கை தூக்கியிருந்தது.

"கை தூக்கியிருக்கு, அதுக்கு மேல தெரியல. 'வா'ன்னு கூப்பிடறாளா, 'போ'ன்னு அனுப்பறாளா? அசைஞ்சாத்தானே தெரியும்? படம் அசையலையே."

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை மடித்தார். டாக்டரைப் பார்த்தார். டாக்டர் சட்டைப்பையிலிருந்த புகாரை எடுத்து நான்காக மடித்தார், எட்டாக மடித்தார், அதற்கு மேல் மடிக்க வரவில்லை.

"காணாமப் போன பொருள் கிடைச்சாச்சு," என்றார் இன்ஸ்பெக்டர். "உங்க அடையாளக் காகிதம் பத்தி நான் கேக்கல. நீங்களும் சொல்லல."

டாக்டர் ஆபரேட்டர் பக்கம் திரும்பினார். கிளினிக்கில் வலிக்காது என்று எத்தனையோ பேரிடம் சொன்னவருக்கு இப்போது ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

"படம் போடணும் டாக்டர்," என்று சொல்லிவிட்டு ஆபரேட்டர் சுருளோடு ஏணியேறிப் போனார்.

மாலைக் காட்சி

காப்பகத்துக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். காலடியில் குடை சொட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது வரிசையில் வாளியும் சொட்டிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் இன்னும் கிளம்பவில்லை. கடைசி வரிசையில் வரிக்காரிக்குப் பக்கத்தில் இருந்தார்.

மூடுபனி வந்தது. கயிறு ஆடியது. படகுக்காரன் பேசினான். வரிக்காரி விசையை அழுத்தினாள். வரியைப் படித்துவிட்டு அரங்கம் சிரித்தது. அதற்கு முன்னால் யாரும் சிரிக்கவில்லை.

சுவருக்குள் மணி அடித்தது.

அக்கா பின்கதவில் நின்றார். கையில் தட்டு இல்லை. இரண்டு கையையும் என்ன செய்வதென்று தெரியாமல் முன்னால் கோத்துக்கொண்டிருந்தார். திரையில் சாம்பல் நிறத் தண்ணீர். அதற்கு அப்பால் கல் கட்டிய கரை. படகு அசைய அசையக் கரையும் அசைந்தது. தோளோடு தோளாக ஆட்கள். இடப்பக்கம், ஒரு கம்பத்தை ஒட்டிப் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி. அவளுக்குப் பொருந்தாத பெரிய கோட்டு, முழங்காலுக்குக் கீழே தொங்கியது. அவள் கையைத் தூக்கினாள்.

கை அசையவில்லை. நெற்றிக்குப் போய், கண்ணுக்கு மேல் நின்றது. கூப்பிடவுமில்லை, அனுப்பவுமில்லை. வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு தண்ணீரில் ஒவ்வொரு படகாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் பிடித்த படகின் பக்கம் திரும்பும் முன்பே காட்சி மாறிவிட்டது.

படம் முடிந்தது. விளக்குகள் எரிந்தன. கூட்டம் கலைந்தது. காப்பகத்துக்காரரோடு டாக்டர் கீழே போனார். எட்டு டப்பாவும் தயாராக இருக்கிறது, ஐந்து நிமிடத்தில் இறங்கிவிடும் என்று அவர் சொல்வது படிக்கட்டிலிருந்து கேட்டது.

பூத்தின் சின்னச் சதுர ஜன்னலில் ஆபரேட்டரின் முகம் தெரிந்தது. மத்தியானத்திலிருந்து அவர் அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போதும் அவர் குரலில் கோபம் அப்படியே இருந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே நேத்துப் போட்டுக் காட்டியிருப்பேன். அந்த இடத்தை இன்னொரு தடவை போடட்டுமா? காப்பகத்துக்காரர் மேல வர நேரமாகும்."

அக்கா காலித் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேணாம் தம்பி," என்றார். "அவ என்னைப் பாக்கல. எத்தனை தடவை போட்டாலும் பாக்க மாட்டா."

மூன்றாவது வரிசையில் வாளி நிரம்பி வழியத் தொடங்கியிருந்தது. அக்கா போய் அதைத் தூக்கினார். இன்ஸ்பெக்டரைக் கடக்கும்போது நின்றார், ஏதோ மறந்துபோனது ஞாபகம் வந்ததுபோல.

"பொத்தானெல்லாம் போட்டிருந்தா, பாத்தீங்களா? கழுத்து வரைக்கும்."